எதிரே வருபவரின் கண்கள்

அண்மையில் நண்பர் ஒருவர் தமது பழைய காரின் முகப்பு விளக்குகளில் இருந்த ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்புகளைப் பொருத்திக்கொண்டார். இரவு பகலாகிவிட்டது, வந்து பாருங்கள் என்றார். உள்ளே அமர்ந்து பார்த்தபோது அவர் சொன்னது மெய்யாகவே பட்டது. பிறகு இறங்கிச் சாலையில் ஐம்பதடி நடந்து திரும்பிப் பார்த்தோம். காரும் தெரியவில்லை, சாலையோரமும் தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் 'டிம்'மில்தான் வைத்திருந்தார்.

பல்பின் மீது நமக்குக் குறையில்லை. அது குடியேறிய இடந்தான் பொருந்தவில்லை. நம் சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றில் உள்ள எச்-4 பல்பில் இரண்டு இழைகள் உண்டு. 60 வாட் இழை உயர் ஒளிக்கு, 55 வாட் இழை தாழ் ஒளிக்கு. தாழ் ஒளி இழைக்கு அடியில் சிறு கரண்டி போன்ற உலோகத் தடுப்பு ஒன்று இருக்கிறது. விளக்குக் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் பட்டு மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணில் பாய வேண்டிய வெளிச்சத்தை அதுவே மறைக்கிறது. கிண்ணத்தின் வளைவும் அந்த மெல்லிய இழை நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் மனத்தில் கொண்டு வார்க்கப்பட்டது. எல்.இ.டி. பல்பிலோ ஒரு பட்டையின் இருபுறமும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை இழை நின்ற இடத்திலிருந்து சற்றே விலகினாலும் ஒளியையும் இருளையும் பிரிக்கும் கோடு கலைந்துவிடும். அட்டைப்பெட்டியில் 'பொருந்தும்' என்று அச்சிட்டிருந்தால், பல்பின் அடிப்பாகம் துளையில் உட்காரும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. எச்-4 தாழ் ஒளியின் நியம அளவு ஏறத்தாழ 1,000 லூமென். பெட்டிகளோ அதன் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று முழங்குகின்றன. அவ்வளவும் கிடைத்தால்தான் நமக்கு அச்சம்.

ஜெர்மனியில் இத்தகைய மாற்றுப் பல்பு ஒன்று, ஓஸ்ராமின் எச்-7 வகை, முதன்முதலாகச் சாலை அனுமதி பெற்றதே 2020இல்தான். அதுவும் எல்லாக் கார்களுக்கும் அல்ல. எந்தெந்தக் கார்களின் விளக்குகளில் வைத்துச் சோதிக்கப்பட்டதோ அவற்றுக்கு மட்டும். பல்பைத் தனியே பார்க்காமல் பல்பும் கிண்ணமும் சேர்ந்த இணையாகப் பார்த்திருக்கிறார்கள். இதுவே சரியான பார்வை என்பது நம் எண்ணம்.

காரின் உட்புற விளக்குக்கோ, எண்பலகை விளக்குக்கோ எல்.இ.டி. போடுவதில் யாருக்கும் கேடில்லை. இண்டிகேட்டரில் போட்டால், மின்சாரம் குறைவாகச் செல்வதால் பல்பு போய்விட்டதாக எண்ணிக்கொண்டு அது படபடவென்று துடிக்கும். அதற்கு ரெசிஸ்டர் சேர்த்தால் போயிற்று.

முன்பெல்லாம் முகப்பு விளக்கில் கறுப்புப் பொட்டு இட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். நுட்பமான ஏற்பாடு அல்லதான்; ஆயினும் எதிரே ஒருவர் வருகிறார் என்ற நினைப்பு அதில் இருந்தது. இருவழிச் சாலையில் விளக்கில்லாத சைக்கிளை உருட்டி வரும் முதியவருக்கு, திருப்பி 'டிம்' அடித்து எச்சரிக்கவும் வழியில்லை. வயதேற ஏறக் கூசிய கண் தெளியவும் நேரம் கூடுகிறது.

"அப்படியானால் நான் இருட்டில் ஓட்ட வேண்டுமா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய விளக்கின் கண்ணாடி பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றி, சாய்வைச் சரிசெய்து, விளக்குகளுக்குத் தனி ரிலேயும் தடித்த வயரும் போட்டாலே பழைய பல்பு நன்றாக எரியும் என்றோம். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். கழற்றிய பல்புகள் இன்னும் டிக்கியில்தான் கிடக்கின்றன.