வந்தால் பார்த்துக்கொள்ளலாம்

வானத்திலிருந்து கல் விழுமாம், அதைத் தடுக்க இப்போதே திட்டம் போடுகிறார்களாம் என்று சொன்னால், நம்மில் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். படிக்காதவர்கள் சிரிப்பதில்லை, "எப்போ விழும்?" என்று கேட்கிறார்கள். எனக்கு என்னவோ இரண்டாவது கூட்டத்தார்தான் புத்திசாலிகளாகப் படுகிறார்கள். திட்டம் என்பதே அந்தக் கேள்வியில்தானே ஆரம்பமாகிறது?

ராயபுரத்தில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "எண்ணூர்லே சாம்பலும் எண்ணெயும், மணலியிலே புகை. அதையெல்லாம் விட்டுட்டு ஆகாசத்துக் கல்லைப் பத்தி எழுதப் போறியா, தம்பி?" என்றார். நியாயமான கோபம். ஆனால், பாயவேண்டிய இடத்தில் பாயாத கோபம்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத அமெரிக்க விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1861-ல், நம் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு நார்மன் போக்சன் என்பவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏஷியா' என்றே பெயர் வைத்தார்கள். 1885-க்குள் சென்னையிலிருந்து அவர் கண்டவை ஐந்து. பிறகு ஒரு நூற்றாண்டு உறக்கம். 1988-ல் ஜவ்வாது மலையின் காவலூரில் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் சூட்டினார்கள். அந்தத் தேடலுக்குப் பெயர் 'கல்கி'. வாசகர்கள் பத்திரிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம், அவதாரம்!

தடுப்பதுதான் எப்படி? 2022 செப்டம்பர் 26-ல் 'டார்ட்' என்ற விண்கலத்தை, 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற கல்லின்மேல் வேண்டுமென்றே கொண்டுபோய் மோதினார்கள். அந்தக் கல் இன்னொரு பெரிய கல்லைச் சுற்றிவர 11 மணி 55 நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதியபின் அந்த நேரம் அரைமணிக்குமேல் குறைந்துவிட்டது. கல் தூள்தூளாகவில்லை, பாதை சற்றே மாறியது, அவ்வளவுதான். அது போதும். துறைமுகத்துப் பெரியவருக்குத் தெரியாதா? கப்பல் நடுக்கடலில் வரும்போது சுக்கானை ஒரு விரற்கடை திருப்பினால் போதும். சுவருக்குப் பக்கத்தில் வந்தபிறகு பத்து இழுவைப் படகுகள் சேர்ந்து தள்ளினாலும் இடிக்கத்தான் செய்யும். ஆகவே முன்கூட்டிப் பார்த்துவிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

பார்க்காமல் விட்டதும் உண்டு. 2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கிக்கும் அகப்படவில்லை. ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம். கல் விழுந்து அல்ல, கண்ணாடி விழுந்து! வெளிச்சத்தைக் கண்டு ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். சத்தமும் அதிர்ச்சியும் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. 'வெளிச்சம் கண்டால் ஜன்னலை விட்டு விலகு' என்று ஒரே ஒரு வாக்கியம் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை முகங்கள் தப்பியிருக்கும்! கல்லைத் தள்ளுவது விஞ்ஞானியின் வேலை. இந்த வாக்கியத்தைச் சொல்லுவது சர்க்காரின் வேலை. நம் நாட்டில் முதல் வேலைக்கு ஆள் இருக்கிறார்கள்.

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளியில், ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒரு டிரைவர் இறந்துபோனார். விண்கல்தான் என்று மாநில சர்க்காரே அறிவித்தது. நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, தரையில் நடந்த வெடிப்புப் போலத்தான் தெரிகிறது என்றார்கள். எது உண்மையோ, எனக்கு உறுத்துவது வேறு. வானத்தின்மேல் பழிபோடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வானத்துக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரி யாரும் கிடையாது!

மணலிக் கதையில் அந்தச் சௌகரியம் இல்லை. 2015-ல் சுங்க இலாகா கைப்பற்றிய சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், சரக்குக் கிடங்கில் ஐந்து வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூத் நகரம் அதே சரக்கால் சிதறியபிறகுதான், பக்கத்துத் தெருக்காரர்களுக்கே விஷயம் தெரிந்து, அவசர அவசரமாக லாரி ஏற்றினார்கள்.

திட்டமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் சொல்லவேண்டாம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நம் கரையில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வந்தது. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கருகே மறுபடி கடலடி குலுங்கியபோது, சென்னைக் கரையிலிருந்து ஜனங்களை முன்னதாகவே வெளியேற்ற முடிந்தது. அந்த முறை பேரலை வரவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, அடுத்த கல் எப்போது வருகிறது? 2029 ஏப்ரல் 14, சித்திரை முதல் தேதி, நம் கடிகாரத்தில் விடியற்காலை மூன்றேகால் மணி சுமாருக்கு, அபோஃபிஸ் என்ற கல் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் நம்மைத் தாண்டிப் போகும். இடிக்காது, நூறு வருஷத்துக்குப் பயமில்லை என்று 2021-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். எங்கோ திரிகிற கல்லுக்கு நிமிஷக் கணக்கு இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்துக்கு அதைச் சொன்னது என்ன கணக்கு? அவரவர் மூக்கு! குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் காற்று வீசுகிறது, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆகாசத்தைப் பார்க்காதே என்று விஞ்ஞானியோடு மல்லுக்கு நிற்கும் பெரியவர், அந்தச் சண்டையை இந்தப் பக்கம் திருப்பட்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை, குப்பத்துக்குக் குப்பம் காதில் விழுகிற சங்கு வேண்டும். மாதம் ஒருமுறை அதை ஊதிப் பார்க்கவேண்டும். ஊதினால் காற்றுக்குக் குறுக்கே நட, ஈரத்துணியை முகத்தில் கட்டு, இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போ என்று தமிழில் ஒரு தாள், வீட்டுக்கு வீடு ஒட்டவேண்டும். ஜன்னலை விட்டு விலகு என்ற வரியையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். தனித் தாள் எதற்கு?