கவலையும் கட்டியும்

"மகன் போன கவலைதான் மாருல கட்டியா வந்திருச்சா மிஸ்?" மொனராகலைத் தோட்டத்துச் சகோதரி ஒருவர் கேட்டார்.

சகோதரிகளே, அழுத்தம் புற்றுநோயைப் பரப்பும் என்கிறார்களே, பல ஆய்வுகூடச் சோதனைகளில் அந்த அழுத்தம் மனக்கவலை அல்ல. அங்கே புற்றுநோய்க் கலங்களுக்கு ஒட்சிசனைக் குறைப்பார்கள். காற்றில் 21 சதவீதம் உண்டு. 1 சதவீதமாக்கினால் பல கலங்கள் பிடிப்பை விட்டு நகரத் தொடங்கும். கலங்கள் ஒட்சிசன் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. வளரும் கட்டிக்குள்ளும் இரத்தம் போதாமல் இதே நிலை ஏற்படும். அது நோகாமலே பரவலாம். அழுததற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள்.

35 வயதானால் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பை இலவசமாகப் பரிசோதிப்பார்கள். கட்டி தட்டுப்பட்டாலோ, கிளினிக் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கே போங்கள். அரைப்பேர் போனால் போகட்டும்.