துறைமுக நகரத்துக்கும் ஒரு யாத்திரை

பெங்களூரின் காக்ஸ் டவுனிலும் அதை ஒட்டிய ஃபிரேசர் டவுன், ஜீவனஹள்ளி முதலிய பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களிடையே, வருஷத்துக்கு ஒரு முறையேனும் தெற்கே சென்று வரவேண்டும் என்னும் வழக்கம் இன்றும் விடாமல் நிலைத்து வருகிறது. மதுரையிலும் ராமேசுவரத்திலும் திருச்செந்தூரிலும் சுவாமி தரிசனம், வேளாங்கண்ணியில் மாதா கோவில், நாகூரில் தர்கா, குற்றாலத்தில் ஸ்நானம், கன்னியாகுமரியில் சூரியோதயம் என்று அந்தப் பிரயாணத்தின் ஒழுங்கு வீட்டுப் பெரியவர்களால் என்றோ வகுக்கப்பட்டுவிட்டது. அவ்வொழுங்கில் தூத்துக்குடிக்கு இடமில்லை. மைசூரிலிருந்து புறப்பட்டு நம் ஊர் வழியாக இரவெல்லாம் ஓடி மறுநாள் முற்பகலில் அந்நகரத்தைச் சென்றடையும் ரயில் வண்டி ஒன்று இருந்தும், நம்மவர்கள் அதில் போய் இறங்கினால், திருச்செந்தூர்ப் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு அப்படியே கடந்து போய்விடுகிறார்கள். புகைபோக்கிகளும் நிலக்கரிக் குவியல்களும் சரக்கு லாரிகளும் நிறைந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி.

ஒரு ஜனசமூகம் எந்த இடத்தில் வியர்வை சிந்தித் தன் ஜீவனத்தைத் தேடுகிறதோ, எந்த வாயில் வழியாகத் தனக்கு வேண்டியவற்றை வரவழைத்துத் தன்னிடம் உள்ளவற்றை அனுப்புகிறதோ, அந்த இடத்தையும் அந்த வாயிலையும் காணாத பிரயாணம் எத்தனை ஸ்தலங்களைத் தொட்டு வந்தாலும் குறையுடையதே என்பது என்னுடைய அபிப்பிராயம். கோயிலைக் காண வேண்டாம் என்றோ அருவியில் நீராட வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. தொழில் நடக்கும் துறைமுக நகரமும் ஒரு யாத்திரைக்குத் தகுதியுடையது என்றும், அப்படி வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்ட வேண்டிய கடமை அந்நகரத்தை ஆள்பவர்களுக்கு உண்டு என்றும் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகம் அமைந்த விதமே மனிதன் சமுத்திரத்தோடு நடத்திய நீண்ட பேச்சுவார்த்தையாகும். இலங்கைத் தீவு கிழக்கே காவலாகக் கிடப்பதால் மன்னார் வளைகுடாவில் புயலின் வேகம் தணிந்து வரும். ஆயினும் கரையோரக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் அவை பல மைல்களுக்கு அப்பாலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. பருத்திப் பொதிகளும் மனிதர்களும் தோணிகளில் ஏறித்தான் அவற்றை அடைய வேண்டியிருந்தது. இந்தக் குறையை நீக்க, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரம் கடலுக்குள் நீளும் இரண்டு கல் அணைகளை எழுப்பி, அவற்றுக்கிடையே ஆழமான நீர்ப்பரப்பை மனிதர்களே உண்டாக்கினார்கள். 1964ஆம் ஆண்டு நவம்பரில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தொடங்கிவைத்த வேலை, பத்து ஆண்டுகள் கழித்து, 1974ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக நிறைவெய்தியது. கூடை கூடையாகக் கல் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அந்த அணையின் நீளத்தை ஒருவன் தன் கண்ணால் அளந்து பார்த்தாலன்றி, வெறும் எண்களால் அந்த உழைப்பின் பரிமாணத்தை உணர முடியாது.

பழமையைத் தேடுவோர்க்கும் இங்கே குறைவில்லை. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடலை இழந்து, இன்று உள்நாட்டுக் கிராமமாகத் திருச்செந்தூர் வழிக்கு அருகே கிடக்கிறது. போர்ச்சுகீசியரும், 1658இல் அவர்களை வென்ற டச்சுக்காரரும், பின்பு ஆங்கிலேயரும் மாறி மாறி ஆண்ட கடற்கரையில், பரதவ மக்களின் பக்தியில் வேரூன்றிய பனிமய மாதா ஆலயம் இன்றும் ஜூலை மாதக் கடைசியில் கொடியேற்றி ஆகஸ்டு 5ஆம் தேதி பெருவிழாக் காண்கிறது. முத்துக்குளித்தல் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சங்கு எடுக்க மூழ்குவோர் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்நகரத்தில் என் மனம் அதிகமாகத் தங்கியது வ. உ. சிதம்பரம் பிள்ளையின் நினைவில்தான். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஏகபோகமாகக் கப்பல் ஓட்டிய காலத்தில், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டு, மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரைத் தலைவராகக் கொண்டு, 1906ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டிலேயே ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரண்டு கப்பல்கள் இந்தத் துறையிலிருந்து ஓடின. எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் ஜனங்கள் சுதேசிக் கப்பலைக் கைவிடவில்லை.

இவ்வளவும் பாடப் புத்தகத்தில் உண்டு. அப்புத்தகங்களில் இரண்டு வரியில் முடிந்துபோகும் இன்னொரு விஷயத்தை அங்கே நின்று நினைக்க வேண்டும். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். பிள்ளையவர்களும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சில நாள்களில் நிர்வாகம் இணங்கியது. கப்பல் விட்டதை ஒருவேளை வியாபாரப் போட்டி என்று சர்க்கார் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆலைத் தொழிலாளியும் கடைக்காரனும் வக்கீலும் ஒரே மேடையில் கூடியதைச் சர்க்காரால் பொறுக்க முடியவில்லை என்றே நான் கருதுகிறேன். மார்ச்சு 12ஆம் தேதி இருவரும் சிறைப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் பிள்ளையவர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பரில் அவர் கண் மூடியதும் இதே தூத்துக்குடியில்தான். துறைமுகத்துக்கு 2011இல் அவர் பெயர் சூட்டப்பட்டது, அது நன்று. ஆனால் பெயரளவில் நில்லாமல், அந்த ஆலைத் தொழிலாளியின் வார ஓய்வும் அந்தக் கப்பலின் கதையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

துறைமுகத்தை விட்டு நகரத்தின் வடக்கிலும் தெற்கிலும் சென்றால் கண்ணெட்டும் தூரம் உப்பளங்கள். மழை குறைந்து, காற்று வறண்டு, வெயில் நீண்டு நிற்கும் இந்தக் கடற்கரை, உப்பு விளைவதற்கென்றே இயற்கை வகுத்தது போலும். கடல் நீரையோ நிலத்தடி உவர் நீரையோ பெரிய தேக்கங்களில் நிறுத்தி, வெயிலில் வற்றவிட்டு, அடர்த்தி ஏற ஏற ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி, ஜிப்சம் முன்னதாகவே அடியில் படிந்து ஒதுங்கிய பிறகு, மிதித்து இறுக்கிய பாத்திகளில் பாய்ச்சினால், சில நாள்களில் உப்புப் பூக்கிறது. அதற்கு மேலும் நீரை வற்றவிட்டால் கசப்பு உப்புகள் கலந்து பாழாகிவிடும். எந்த வேளையில் நீரை நிறுத்துவது, எந்த வேளையில் வெளியேற்றுவது என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தால் கண்டறிந்த தொழிலாளியின் ஞானம் எந்த விஞ்ஞானிக்கும் குறைந்ததன்று.

தமிழகத்து உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் விளைகிறது. ஆயினும் உப்பை வாரும் பலகை பிடிப்பவர்களின் பாதங்கள் உவர் நீரில் வெடித்துப் புண்ணாவதும், வெண்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியால் கண் மங்குவதும், குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க ஒரு நிழலும் அருகில் இல்லாமல் பெண்கள் படும் அவதியும் இன்னும் நீங்கவில்லை. ராஜம் கிருஷ்ணன் இவர்களிடையே வந்து பழகி ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தொழில் நின்றுவிடும். தலைச்சுமையாக உப்புச் சுமந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் என்னிடம், “மழை வந்தா ஊருக்கெல்லாம் சந்தோசம், எங்க வீட்டுல அடுப்புல்லா அணைஞ்சிருது, அண்ணாச்சி” என்றார். அந்த மாதங்களுக்கென்று சர்க்கார் சில ஆண்டுகளாக 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருவது வரவேற்கத்தக்கது. மூன்று மாத வேலையின்மைக்கு அது போதுமா என்பதை, மாதச் சம்பளம் வாங்குகிற நாம் மனச்சாட்சியோடு கணக்கிட்டுப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழையில், உப்பளங்களும் சேர்ந்தே மூழ்கின.

தொழிலின் பெருமையைப் பேசுகிறவன் அதன் கொடுமையை மறைத்துப் பேசலாகாது. ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறை வழியாகக் கப்பலேறி வரும் நிலக்கரியால் 1979 முதல் இங்கே அனல் மின்சாரம் உற்பத்தியாகிறது; விளக்கு வெகு தூரத்தில் எரிகிறது, சாம்பலும் சூடான நீரும் கடற்கரைக்கு மிஞ்சுகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிப்பதற்கு முன்னும் பின்னும், சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அவற்றுள் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பதற்காகச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். அலையைத் தடுக்கத் துறைமுகத்துக்கு மனிதன் அணை கட்டினான். தீவுகளுக்கு இயற்கை கட்டியிருந்த அணையையோ அவனே பெயர்த்துவிட்டான். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

2018ஆம் ஆண்டு மே 22ஆம் தேதியையும் மறக்க இயலாது. மாசு பரப்புவதாகச் சொல்லி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்து நடந்த கிளர்ச்சியின் நூறாவது நாளன்று, கலெக்டர் அலுவலகத்தை நோக்கி நடந்த மக்கள் மீது போலீசார் சுட்டார்கள்; அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையம் அந்தத் துப்பாக்கிப் பிரயோகம் வரம்பு மீறியது என்று கண்டது. பின்பு மூடப்பட்ட ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலை மூடியதால் வேலை இழந்தவர்களின் துயரமும் உண்மையே. காற்றையும் கூலியையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஒரு நகரத்தை நிர்ப்பந்திப்பது தர்மமன்று.

ஐரோப்பாவில் ராட்டர்டாமும் ஹாம்பர்க்கும் தொழில் துறைமுகங்களே. அங்கே படகில் ஏற்றிக் கப்பல் துறைகளைச் சுற்றிக் காட்டுவது அன்றாட வழக்கம். ராட்டர்டாமில் ஆண்டுதோறும் செப்டம்பரில் துறைமுகத் திருவிழா நடத்தி, பொதுமக்களை உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். ஹாம்பர்க்கின் பழைய கிட்டங்கித் தெருக்கள் 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. நம்முடைய துறைமுகமோ அனுமதிச் சீட்டுக்கும் காவலுக்கும் உட்பட்டது. தேசப் பாதுகாப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. அடையாளச் சீட்டைச் சோதித்து, புகைப்படக் கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு, துறைமுகத்தின் வாகனத்திலேயே ஏற்றி, விவரம் அறிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பினால் எந்த ரகசியமும் கெட்டுவிடாது. விசேஷ தினங்களோடு நின்றுவிடாமல், வாரத்தில் ஒரு நாளையேனும் இதற்கென்று ஒதுக்க வேண்டும். ஓய்வுபெற்ற தோணித் தலைவர்களாகிய தண்டல்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் வழிகாட்டிகளாக நியமித்து, அதற்குக் கௌரவமான ஊதியம் தரவும் வேண்டும்.

இப்படிச் சுற்றிக் காட்டுவது பிறருடைய கஷ்டத்தை வேடிக்கை பார்ப்பதாகாதா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். உழைப்பவர் தம் வாயால் தம் தொழிலை விளக்கி, கேட்பவர் அதற்குரிய கூலி கொடுத்துக் கேட்கும்போது அது வேடிக்கையாகாது. இன்று மாதம் தோறும் ஏதோ ஒரு பெரிய ஆலையின் பெயர் இந்த நகரத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. வியட்நாம் நாட்டு மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025இல் திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழும்புகிறது. இப்படி வளரும் ஊரில் குடிமக்களின் கண்களும் கூடவே இருந்தால், 2018ஐப் போன்ற நிலைமைக்கு விவகாரம் முற்றுவதற்கு முன்பே கேள்விகள் எழும்.

நம் காக்ஸ் டவுன் வட்டாரத்துப் பள்ளிகள் ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றன. அடுத்த முறை தூத்துக்குடியைச் சேர்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போவது உத்தமம். உப்பு விளையத் தொடங்கியிருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாயிருக்கும். விடியற்காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விட வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் பாதி வேலை முடிந்துவிடும். பிறகு கடற்கரைச் சாலை வழியாக மாதா கோவிலையும், மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிச் செல்லும் தோணிகள் நிற்கும் பழைய துறையையும் பார்க்கலாம். புதிய துறைமுகத்துக்கு அனுமதி வேண்டுமென்றால், துறைமுக நிர்வாகத்துக்குப் பள்ளியின் முத்திரையோடு முன்கூட்டியே கடிதம் எழுத வேண்டும். பல பள்ளிகளிலிருந்து அப்படிக் கடிதங்கள் போய்ச் சேரட்டும்.