செக்ரோலில் பெயர் இல்லாதவருக்கும் உடம்பு உண்டு

"தொழிலாளர் நலன்" என்ற சொல் இப்பொழுது எமது மலைகளில் அடிக்கடி கேட்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை முகாம், ஒரு நாள் விளையாட்டுப் போட்டி, பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கல், தொழிற்சாலைச் சுவரில் ஒரு பதாகை. இவற்றை நாம் குறை சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடி கிடைத்த ஒரு தாய்க்கு இனி ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது என்றால் அது நல்ல காரியமே. ஆனால் முகாமுக்கு வந்த வாகனம் திரும்பிப் போன மறுநாள் காலையில் அதே தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறும்போது, அவளுக்காக அங்கே என்ன இருக்கிறது? குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா? ஒதுங்க மறைவான ஓர் இடம் இருக்கிறதா? மழைக்கு நிற்க ஒரு கூரை இருக்கிறதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. அவள் செக்ரோலில் பெயர் உள்ளவளா, அல்லது அன்றன்று கூலிக்கு வந்து போகிறவளா? இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்களைப் பற்றித்தான் இங்கு பேச விரும்புகிறோம். ஏனெனில் இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் பல அந்த வகையைச் சேர்ந்தவை.

கூலிக்கு வந்தவர்கள் யார்?

சப்ரகமுவ மலைகளுக்கு இடப்பெயர்வு புதியதல்ல. 1977ஆம் ஆண்டு வன்செயலிலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த வன்செயலிலும் லயங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறின. கொழுந்து பறித்த கைகள் அங்கே காடு வெட்டிக் கிணறு தோண்டி, நெல்லும் உழுந்தும் விளைவித்தன. 2009 வரை நீடித்த யுத்தத்தில் அந்த நிலத்தையும் பலர் விட்டோட நேர்ந்தது.

பின்னர் மலையே சரிந்தது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அந்நாட்களிலேயே புளத்கொஹுபிட்டியப் பகுதியில் களுபான தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. அடுத்த ஆண்டு, 2017 மே மாதத்தில், இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் தாக்கின. வீடு இழந்தவருக்கு வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுக்கலாம். மிளகும் பாக்கும் தேயிலையும் நின்ற காணியை அப்படித் திருப்பிக் கொடுப்பது எளிதல்ல. காணி போன விவசாயிக்கு மிஞ்சுவது உடம்பு ஒன்றுதான். அந்த உடம்பை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்துத் தோட்டத்துக்கோ, சிறு தேயிலைத் தோட்டக்காரரிடமோ கூலிக்குப் போகிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். நாள் கணக்கில் புல் வெட்டுகிறார், விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறார்.

பழைய கணக்கு

தோட்டத்தில் நலன்புரி எப்படித் தொடங்கியது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் நோய்க்கு மருந்து கொடுக்கும் பொறுப்பைத் தோட்டங்களின் மீது வைத்தது. லயமும் பிள்ளை மடுவமும் டிஸ்பென்சரியும் ஒரே கணக்கில் இருந்தவை. தோட்டத்தில் குடியிருந்து, பெரட்டுக்கு வந்து, செக்ரோலில் பெயர் விழுபவருக்கு மட்டுமே அவை உரியவை. ஆளைக் கட்டி வைக்கும் ஏற்பாடாகவும் அது இருந்தது, ஆளைக் காக்கும் ஏற்பாடாகவும் இருந்தது.

1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது, தொழிலாளரின் வீடமைப்புக்கும் சமூக நலனுக்கும் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குவது அதுவே. அதன் பார்வையும் தோட்டத்தில் வசிக்கும் மக்களையே முதன்மையாகக் கொண்டது. ஆனால் இதற்கிடையில் வேலை செய்யும் முறை மாறிவிட்டது. நிரந்தரத் தொழிலாளர் குறைந்து, வெளியிலிருந்து வரும் நாட்கூலியும் கைக்காசும் கூடிவிட்டன. சில தோட்டங்களில் தேயிலை மலையைப் பங்கு பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்துக்கு மட்டும் காசு கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. அங்கே உழைப்பவர் தொழிலாளியாகவே கணக்கில் வருவதில்லை. சுருங்கச் சொன்னால், உழைப்பு செக்ரோலுக்கு வெளியே போய்விட்டது. நலன் மட்டும் இன்னும் செக்ரோலுக்குள்ளேயே நிற்கிறது.

இதனால்தான் நாம் சொல்கிறோம்: நலன் பெயருக்குப் பின்னால் போகக்கூடாது, ஆளுக்குப் பின்னால் போக வேண்டும். மலையில் கால் வைத்து உழைக்கும் எவருக்கும், அன்றைக்கு மட்டும் வந்தவராயினும், அது உரியது.

உடம்புக்கு வேண்டியவை

இரத்தினபுரி, கேகாலை இரண்டும் பெருமழை பெய்யும் மாவட்டங்கள். ஈரத்தில் நிற்பதே இங்கு வேலையின் பாதி. எலிக்காய்ச்சல் நாட்டிலேயே அதிகம் காணப்படும் இடங்களில் இரத்தினபுரி முன்வரிசையில் நிற்கிறது. சேற்றிலும் வயல் ஓரத்திலும் காலில் வெட்டுக்காயத்துடன் நிற்பவரை அது எளிதில் பிடிக்கும். ஆபத்துள்ளவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கேட்பதற்கு எவரும் செக்ரோலைக் காட்டத் தேவையில்லை. காய்ச்சலுடன் கண் சிவந்து, கெண்டைக்கால் வலித்தால், "மழையில் நனைந்த சுரம்" என்று இரண்டு நாள் படுத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சேற்றில் வேலை செய்ததையும் மறக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

பெண்களின் காரியம் இன்னும் கடுமையானது. மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடும் பெண்கள் எத்தனை பேர்! சிறுநீர் எரிச்சலும் இடுப்பு வலியும் இவர்களுக்குக் கூடப்பிறந்தவை போல் ஆகிவிடுகின்றன. தாயின் உடல்நிலை பிள்ளையிலும் தெரியும். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டத்துறையில் 100க்கு 32 பேர். இந்த இடைவெளிக்கு வறுமையும் உணவும் தண்ணீரும் பல விதத்தில் காரணமாகும். கர்ப்பிணித் தாய் பாரக் கூடையுடன் ஏறி இறங்குவதும், பால் கொடுக்க வேண்டிய தாய் மடுவத்துக்குப் போக நேரம் கிடைக்காமல் நிற்பதும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை.

மருந்தடிக்கும் வேலைக்கு நாட்கூலியையே அனுப்பும் வழக்கத்தையும் இங்கு சொல்லியாக வேண்டும். கையுறையும் முகமூடியும் நீண்ட காற்சட்டையும் இல்லாமல் எவரும் அந்த வேலைக்குப் போகக்கூடாது. ஒரு நாள் வந்தவரானாலும் மருந்து அவருடைய தோலிலும் அதே விதமாகத்தான் இறங்கும்.

மனதுக்கு வேண்டியவை

தன் காணியில் உழைத்தவர் களைத்தால் மர நிழலில் உட்காருவார். வெற்றிலை போடுவார். வானத்தைப் பார்த்து நாளைய வேலையைத் தீர்மானிப்பார். அந்தத் தீர்மானம் அவருடையது. இன்று அவர் நிறுவைக்குப் பயந்து உட்காருவதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அல்லது காசு குறைவு. நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பதைக் கேட்க வாய் வருவதில்லை. கேட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நேற்று வரை நாலு பேருக்கு வேலை கொடுத்தவரும் இன்று தன்னைவிட வயதில் சிறியவரிடம் "டேய்" என்று கூப்பிடப்பட நேரிடுகிறது.

இந்தக் காயத்துக்குப் பரிசோதனை முகாமில் மருந்து இல்லை. பலர் அதைச் சாராயத்தால் கழுவப் பார்க்கிறார்கள். அடி விழுவது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். ஆகவே, மரியாதையான பேச்சு, நேர்மையான நிறுவை, சொன்ன நாளில் கூலி ஆகிய மூன்றையும் நலன்புரிப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. மனம் தாங்க முடியாமல் தவிப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். பேசுவது வெட்கமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

"நாட்கூலிக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாகவோ, அமைய அடிப்படையிலோ, துண்டு வேலைக்கோ வருபவருக்கும் முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். தொழிலாளியின் கூலியிலிருந்து 8 வீதமும், வேலை கொடுப்பவரிடமிருந்து 12 வீதமும் அதில் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் தன் பங்கில் இன்னும் 3 வீதம் செலுத்த வேண்டும். அதைக் கூலியில் கழிக்கக்கூடாது. பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிரசவத்துக்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாட்கள் ஒரே வேலைகொடுப்பவரிடம் உழைத்த பெண்ணுக்குப் பிரசவக் கொடுப்பனவு உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள். வேலையில் காயம் பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது.

ஆனால் 150 நாட்கள் என்பதை யார் நிரூபிப்பது? செக்ரோலில் பெயர் இல்லாதவருக்கு அவருடைய சொந்தக் கணக்கே சாட்சி. எனவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். திகதி, மலையின் பெயர், எடுத்த கிலோ, கிடைத்த காசு, வேலை கொடுத்தவர் என்பவற்றை ஒவ்வொரு மாலையும் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். தனியாகத் தொழில் அலுவலகத்துக்குப் போகத் தயங்குபவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போகலாம். பங்குத்தந்தையோ சங்கத் தலைவரோ கூட வரலாம்.

வேலை கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு வாங்குபவர்கள் கேட்பதால் பல தோட்டங்கள் தரச்சான்றிதழ் பெறுகின்றன. பச்சைத் தவளைப் படம் போட்ட பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழ்களின் விதிகள் தற்காலிகத் தொழிலாளரையும் சேர்த்தே பேசுகின்றன. பலகைக்கு உண்மையாக இருக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மலைக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி, நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு மலசலகூடம், ஒரு முதலுதவிப் பெட்டி, கூலிக்கு வரும் தாயின் பிள்ளைக்கும் மடுவத்தில் ஓர் இடம் என்பவை போதும் தொடங்குவதற்கு.

திராட்சைத் தோட்டத்து உவமையை நாம் கோயிலில் பல தடவை கேட்டிருக்கிறோம். சந்தை வெளியில் வேலையின்றி நின்றவர்களை அந்த வீட்டெஜமான் மாலை வரை தேடிப் போனார். கடைசி மணிக்கு வந்தவருக்கும் ஒரு முழு நாளைக் கூலியைக் கொடுத்தார். எத்தனை மணிக்கு வந்தாலும் அவருக்கும் அன்று மாலை பசிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். மோசேயின் சட்டமும் ஏழைக் கூலியாளின் கூலியை, அவன் அந்நியனாயிருந்தாலும், பொழுது சாயுமுன் கொடுக்கும்படி கட்டளையிடுகிறது. இடம்பெயர்ந்து வந்தவரை அந்நியர் என்று தனியே ஒதுக்காத வேலைத்தளமே நலமான வேலைத்தளம். அதைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல. கொப்பியைத் திறந்து இன்றைய திகதியை எழுதுங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.