சந்தனக் காப்பு விபூதிக் காப்பா தெரியலாமா?



சந்தனக் காப்பு அன்னைக்கு வாட்ஸ்அப் குரூப்புல வர்ற படங்களைப் பாருங்க. ஒண்ணுல மஞ்சள், இன்னொண்ணுல விபூதி பூசின மாதிரி வெளிறிப்போய் இருக்கும். அதே உற்சவர், அதே நேரம்தான். நடக்க முடியாத பாட்டிமாருக்கும், சிங்கப்பூர்ல ஷிப்டுல நிக்கிற பிள்ளைங்களுக்கும் அந்தப் படம்தான் தரிசனம். அதனாலதான் நாங்க தொண்டர்கள் இவ்வளவு பிடிவாதமா சொல்றோம்: கோயில்ல 'ஆட்டோ' வேண்டாம்.

ஆட்டோ வைட் பேலன்ஸ் ஒரு அனுமானத்துல ஓடுது. படத்துல உள்ள நிறமெல்லாம் கலந்தா சாம்பல் வரணும்னு நினைக்குது. சட்டம் முழுக்க சந்தனம் நிறைஞ்சிருந்தா, வெளிச்சம்தான் மஞ்சள்னு முடிவு பண்ணி நீலத்தைக் கூட்டிடும்.

வெளிச்சத்தோட நிறத்துக்கு கெல்வின்னு ஓர் அளவு இருக்கு. எண்ணெய் விளக்கு சுமார் 1,900, வார்ம் வைட் பல்பு 3,000, நடுப்பகல் வெயில் 5,500, டேலைட் டியூப் 6,500. எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். ஆனா கேமராவுல எண்ணை ஏத்தினா படம் மஞ்சளாகும்! 'இங்கே வெளிச்சம் நீலம்'னு நாம சொல்றோம், அது ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்குது. இந்த இடத்துலதான் நிறைய பேர் குழம்புறாங்க.

நம்ம ஜோகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில்ல எடுத்துப் பாருங்க. 1922-ல சின்னக் கொட்டகையா தொடங்கினது, இன்னைக்கு சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டு. ரெண்டு அடி நகர்ந்தா சட்டத்துக்குள்ள நிறம் மாறும், ஆட்டோவும் மனசை மாத்திக்கும். பத்துப் படம், பத்து நிறம்.

போன்ல ப்ரோ மோட் இருந்தா, தீபாராதனைக்கு 3,000 பக்கம் வச்சு அப்படியே விட்டுடுங்க. விளக்கொளியை முழுசா வெள்ளையாக்கணும்னு சில பேர் சொல்வாங்க. எங்களுக்கு அதுல உடன்பாடு இல்ல. தீபம் மஞ்சளாத்தான் தெரியணும். வேட்டியைக் காட்டி வெள்ளை செட் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: சொட்டு நீலம் போட்ட வேட்டின்னா படம் மஞ்சள் பக்கம் சாயும். கேமரா கடையில விக்கிற சாம்பல் அட்டை நல்லது. ஃபேக்டரியில சாயம் சரிபார்க்க தனி விளக்குப் பெட்டியே வச்சிருக்கோம், கோயிலுக்கு ஓர் அட்டை கூடவா ஆகாது?

ஒரு விஷயத்துக்கு மட்டும் கேமராவுல வழியில்ல. கருவறையில எண்ணெய் விளக்கு, வாசல்ல 6,500 டியூப்னா எந்த எண்ணும் ரெண்டுக்கும் பொருந்தாது. அதனால விளக்கு உபயம் கொடுக்கிறவங்க பெட்டியில உள்ள எண்ணைப் பார்த்து 3,000-ஆ வாங்கிக் கொடுங்க. பழைய டியூப் எது எதுன்னு நாங்க குறிச்சு வச்சிருக்கோம், அலுவலகத்துல கேளுங்க.