பழைய படத்தில் நிற்கும் கார்

எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் படம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. மாத்தளை மாவட்டம் வஹகோட்டையில், புனித அந்தோனியார் ஆலயத்தின் அருகே எடுக்கப்பட்டது. ஒரு காரின் கதவில் கைவைத்தபடி ஒருவர் தனியே நிற்கிறார். படத்தின் பின்புறத்தில் ஊரின் பெயர் மட்டும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டும் இல்லை, ஆளின் பெயரும் இல்லை. ஏனைய படங்கள் 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்துபோயின. தாத்தா 1954இல் காலமானபோது அத்தைக்கு வயது இரண்டு. தந்தையின் முகம் நினைவில் இல்லாத அவர், ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் திகதி இந்தப் படத்தின் முன்தான் மெழுகுதிரி ஏற்றுவார்.

அண்மையில் அப்படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கார் ஒரு மொரிஸ் மைனர். 1948இல் அறிமுகமான அந்தக் காரின் முன்கண்ணாடி, தொடக்கத்தில் நடுவே ஒரு சட்டத்தால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வளைந்த ஒற்றைக் கண்ணாடி 1956இன் பிற்பகுதியில் வந்த ‘மைனர் 1000’ வகையில்தான் பொருத்தப்பட்டது. படத்தில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி.

இலக்கத் தகடும் அதையே சொல்கிறது. ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ வாகனங்களில் ஏறியது, 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பின்னரே. அந்த ஓர் எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தையும், தமிழ் ‘ஸ்ரீ’ எழுதப்பட்டு ஓடிய வாகனங்களையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தப் படத்தில் இருப்பது சிங்கள ‘ஸ்ரீ’.

ஆகவே, படத்தில் நிற்பவர் தாத்தா அல்லர்.

காரைக்கொண்டு காலத்தைக் கணிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இதற்கு முன் அல்ல’ என்றுதான் கார் சொல்லும். ‘இந்த ஆண்டுதான்’ என்று சொல்லாது. 1952 முதல் 1954 வரை தயாரான ஒஸ்ரின் ஏ40 சமர்செற், 1975ஆம் ஆண்டுக் கலியாணப் படத்திலும் நிற்கலாம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த நாட்டில் பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டினோம். எரிபொருள் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. அதுபோலவே, காரருகே நிற்பவர் அதன் சொந்தக்காரர் என்றும் முடிவுகட்ட முடியாது. அவர் சாரதியாக இருக்கலாம்; வாடகைக் காரில் வந்தவராக இருக்கலாம்; வழியில் நின்ற காரருகே ஆசைக்குப் படம் எடுத்துக்கொண்டவராகவும் இருக்கலாம்.

இதை அத்தையிடம் சொல்வதா என்று பல நாள் யோசித்தேன். ‘இந்த வயதில் அவரது மனத்தைக் கலைப்பானேன்’ என்றார்கள் வீட்டில். ஆனால், பிழை கண்டால் திருத்தம் வெளியிட வேண்டும் என்பது பத்திரிகையில் நான் கற்ற முதற்பாடம். வீட்டுக்கு ஒரு நீதி, நாளேட்டுக்கு ஒரு நீதி என்று இருக்க இயலவில்லை. சொன்னேன்.

அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இவர் யாருடைய அப்பாவோ, அந்தப் பிள்ளைகளிடம் ஒரு படமும் இல்லாமல் இருக்கலாம் தம்பி. இவ்வளவு காலம் செபித்தாயிற்று, இனியும் செபிக்கிறேன்” என்றார். படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உலகெங்கும் சிதறி வாழும் நம்மவரிடம் எஞ்சியிருப்பவை இத்தகைய சில படங்களே. இங்கு காலத்தைக் காட்டிக்கொடுக்கக் கார் இருந்தது. பெயரைச் சொல்லித் தர எவரும் இல்லை. உங்கள் வீட்டுப் படங்களில் இருப்போரை அடையாளம் காட்டக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாராயின், இந்த வாரமே அவர் அருகில் உட்காருங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். சாரதியின் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.