வாய்மூடி நிற்பதோ நோயாளர் கடன்?

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனும், மருந்தும், உடனிருந்து பணிபுரிபவனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இன்று எமது அரசாங்க வைத்தியசாலைகளிலோ இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. வைத்தியருக்குத் தொழிற்சங்கம் உண்டு. தாதியருக்கும் சிற்றூழியருக்கும் சங்கங்கள் உண்டு. விடியுமுன் பஸ் ஏறி வந்து, கையிலே கிளினிக் கொப்பியுடன் நண்பகல்வரை வாங்கிலே காத்திருக்கும் நோயாளிக்கு மட்டும் அவன் பெயரால் பேச ஓர் அமைப்பு இல்லை. ஊர்தோறும் நோயாளர் மன்றங்கள் நிறுவப்பட வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

இந்நாட்டின் இலவச வைத்திய சேவையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஏழையும் செல்வனும் ஒரே வாயிலால் உட்செல்லும் இச்சேவை, கண்ணைப்போற் காக்கப்பட வேண்டிய பெருஞ் செல்வம். ஆனால், இது எவரும் இரங்கியிட்ட பிச்சையன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் வைத்தியசாலையும் மருந்தகமும் கேட்டனர், கேட்டதனாற் பெற்றனர். வாக்குச் சீட்டே இந்நாட்டு நோயாளியின் முதற் குரலாக இருந்தது.

அக்குரல் பறிக்கப்பட்ட இடத்திலே நிகழ்ந்தது என்ன? மலையகத்தைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனையடுத்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. கேட்பதற்கு வாயில்லாத அம்மக்களின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் தயவுக்கு விடப்பட்டது. ஊர்ப்புறங்களெங்கும் அரசாங்க வைத்தியசாலைகள் எழுந்தபோது, லயன்களிலே வாழ்ந்தவர்க்குத் தோட்டத்து மருந்தறையே கதியாயிற்று. 1970களில் தோட்டங்களின் சிசு மரண விகிதம் நாட்டின் சராசரியைவிடப் பெரிதும் உயர்ந்து நின்றது. குரல் இல்லாத இடத்திலே சேவையும் தேயும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வாக்குரிமை இருப்பவர்களும் இன்று வைத்தியசாலை வாயிலிலே வாயடைத்து நிற்பது ஏன்? அச்சமே முதற் காரணம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தெடுப்பவர் அடுத்த மாதமும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். இன்று முறையிட்டால் நாளை முகம் சுளிப்பார்களோ என்று அஞ்சி, அவர் தமக்கு நேர்ந்ததை விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றார். மொழி இரண்டாவது தடை. 1956இல் புறந்தள்ளப்பட்ட தமிழ், 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தினால் அரசகரும மொழியாயிற்று. எனினும், தமக்கு வந்த நோய் யாதென்பதைத் தம் மொழியிலே கேட்டறிய முடியாமல், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைத் துபாஷியாக்கிக்கொள்ளும் தமிழ் நோயாளர் இன்றும் உளர். வயிற்று நோவை விளக்கவே வழியில்லாதவர் குறையை எவ்வாறு விளக்குவார்?

மூன்றாவது தடை, முறையிட வேண்டிய இடம் எதுவென்ற குழப்பம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழ் உள்ளன. அயலிலுள்ள பிரதேச வைத்தியசாலைகளோ மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ளன. ஒரே நோயாளி இரண்டுக்கும் அனுப்பப்படுகின்றார். ஆனால் அவருடைய முறைப்பாட்டை இருவரும் மற்றவரிடம் அனுப்பிவிடலாம். 2013இல் தெரிவான வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல்லாண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படாமையால், மாகாணத்திலே மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட சுகாதார அமைச்சரும் இல்லாதொழிந்தார்.

“நோயாளர் நலன்புரிச் சங்கங்கள் இருக்கின்றனவே” என்று சிலர் கேட்கக்கூடும். அவை செய்யும் தொண்டை நாம் போற்றுகின்றோம். கட்டிலும் மெத்தையும் கருவிகளும் வாங்கிக் கொடுக்கும் கைகள் வாழ்க! ஆனால் கொடுப்பது வேறு, கேட்பது வேறு. வைத்தியசாலை அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருந்து நன்கொடை திரட்டும் சங்கம், அவ்வதிகாரிகளை நோக்கிக் கடுமையான கேள்வி கேட்பது எளிதன்று. மக்களுக்கும் வைத்திய நிர்வாகத்திலே இடம் வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்குப் புதியதுமன்று. 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டமே பிராந்திய வைத்தியசாலைச் சபைகளுக்கும் வைத்தியசாலைக் குழுக்களுக்கும் இடம் வகுத்தது. எழுத்திலே இருப்பதற்கு உயிர் கொடுப்பதே எஞ்சியிருக்கும் பணி.

இலவச வைத்திய சேவையிலே எமக்கு முன்மாதிரியாகப் பேசப்படும் பிரித்தானியாவின் அனுபவம் இங்கே நோக்கத்தக்கது. 1974இல் அங்கே வட்டாரந்தோறும் சமூக சுகாதார மன்றங்கள் அமைக்கப்பட்டன. 2003இல் இங்கிலாந்து அவற்றைக் கலைத்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த அமைப்புகள் தம் சொந்த விதிகளைப் பற்றி வாதிட்டுக் காலம் போக்கிய வேளையிலே, ஸ்ராபர்ட் வைத்தியசாலையில் நோயாளர் கொடிய புறக்கணிப்புக்கு ஆளாயினர். அதனை வெளிக்கொணர்ந்தவர்கள் உறவினரைப் பறிகொடுத்த சாதாரண மக்கள். 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை இவற்றை விரிவாகப் பதிந்துள்ளது. அதே ஆண்டு ‘ஹெல்த்வோச்’ என்ற புதிய அமைப்பு வந்தது. 2025இல் அதனையும் ஒழிக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. இதிலிருந்து நாம் கற்பது இரண்டு. அரசாங்கம் கொடுத்த குரலை அரசாங்கமே எடுத்துக்கொள்ளவும் கூடும். நாற்காலிக்கும் யாப்புக்கும் சண்டையிடும் மன்றம், நோயாளி துன்புறுவதைக் காணாது.

ஆகவே, எமது மன்றங்கள் மேலிருந்து இறங்காமல் கீழிருந்து எழ வேண்டும். கூட்டாகக் கூடிச் செயற்படுவது எம்மவர்க்குத் தெரியாததன்று. 1930களிலே மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நிறுவிய மக்கள் நாம். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு ஒன்றுக்கு ஒரு மன்றம் போதும். சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆகியவற்றிலிருந்து உறுப்பினர் தெரிவாகட்டும். மலையகத்திலே ஒவ்வொரு தோட்டத்தினின்றும் ஒருவர் வரட்டும். நாட்பட்ட நோயாளரும், மாற்றுத்திறனாளிகளும், தாய்மாரும் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கட்சிப் பதவி வகிப்போரும், தனியார் வைத்தியசாலை நடத்துவோரும், மருந்து வணிகரும், வைத்தியசாலை ஒப்பந்தகாரரும் நிருவாகக் குழுவில் இடம்பெறலாகாது. அவர்களின் பணமும் வேண்டாம். சிறு சந்தா போதும்.

அம்மன்றத்தின் வேலை என்ன? மேடைப் பேச்சன்று, கணக்கெடுப்பு. வெளிநோயாளர் பிரிவிலே எத்தனை மணி காத்திருந்தனர்? கையிருப்பிலே இல்லாத மருந்துகள் எவை? வெளியே வாங்கும்படி எத்தனை பேருக்குத் துண்டு எழுதப்பட்டது? தமிழிலே விளக்கம் கிடைத்ததா? கழிப்பறையிலே தண்ணீர் வந்ததா? இவற்றை மாதந்தோறும் குறித்து, முறையிட்டவரின் பெயரை வெளியிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுத்திலே கொடுக்க வேண்டும். பதிலுக்குத் திகதி கேட்க வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதனை ஊரறியச் செய்ய வேண்டும். தகவல் மறைக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையிலே இருக்கின்றது. விண்ணப்பத்துக்குப் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் தெரிவிக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. தனித்து நிற்கும் நோயாளி அஞ்சுவார். ஐந்நூறு பேரின் பெயரால் எழுதும் மன்றம் அஞ்சத் தேவையில்லை.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. இம்மன்றம் உங்களுக்குப் பகையன்று. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதில் அது தலையிடாது, தலையிடவும் கூடாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தின்றி நீங்கள் கையைப் பிசைந்து நின்றதையும், அதன்பின் பலர் நாட்டைவிட்டுச் சென்றதால் எஞ்சியோரின் சுமை ஏறியதையும் மக்கள் அறிவர். மூவர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்கின்றார் என்று நீங்கள் சொன்னால் அது சம்பளக் கோரிக்கையாகத் தள்ளப்படும். நோயாளர் கணக்கோடு சொன்னால் தள்ள முடியாது. நன்றாக நடக்கும் விடுதியை நன்றென்று எழுதுவதும் மன்றத்தின் கடமையே.

தமிழ் பேசும் மக்கள் ஆட்சியதிகாரத்திலே பங்கு கேட்டுப் பல்லாண்டுகளாகின்றன. அக்கோரிக்கை நியாயமானது. ஆனால், உரிமை என்பது கொழும்பிலிருந்து வருமளவும் காத்திருந்து பெறும் பொருள் மட்டுமன்று. எமது ஊர் வைத்தியசாலையின் வாயிலிலே நாள்தோறும் பயின்று பெறவேண்டிய பழக்கமுமாகும். தாய் மருந்தின்றித் திரும்பும்போது “ஏன்?” என்று ஒன்றாகக் கேட்கத் தெரியாதவர்கள், சட்டசபையிலே கேட்டு என்ன பயன்? இதற்கு ஆணைக்குழுவும் வேண்டாம், அமைச்சரின் ஆசியும் வேண்டாம். ஓர் ஊரிலே பத்துப் பேர் ஒரு மாலை வேளையில் வாசிகசாலையிலே கூடி, ஒரு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாற் போதும். எந்த ஊர் முதலிலே திறக்கப் போகின்றது?